கொம்பா, வளையமா

பைன் க்ரீக், மேல் மிச்சிகன்
8 செப்டம்பர் 1968

அன்புள்ள ஓர்வோவுக்கு,

நான் நலம். வீடும் நலம், சௌனா நீராவிக் குளியலறையின் புகைபோக்கியைத் தவிர. அதற்குள் ஏதோ பறவை கூடு கட்டியிருக்கிறது. சனிக்கிழமை மூட்டினால் புகையெல்லாம் என் முகத்துக்கே வருகிறது. உன் முழங்கால் எப்படி? கப்பலில் ஏணி ஏறும்போது வலித்தால் வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல். உன் பாட்டுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறாதே.

சுரங்கத்தை மூடிவிட்டார்கள் என்று நீ கப்பல் வேலைக்குப் போன பிறகு இது மூன்றாவது இலையுதிர் காலம். பள்ளிக்கூடச் சமையலறையில் இந்த வருடமும் எனக்கு வேலை உண்டு. மான் வேட்டை தொடங்கும் நவம்பர் பதினைந்தாம் தேதி வழக்கம்போல விடுமுறை விட்டுவிடுவார்கள். ஆசிரியர்களே காட்டில் இருக்கும்போது பிள்ளைகள் வந்து யாரிடம் படிப்பது?

அது தொடர்பாகத்தான் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். போன சனிக்கிழமை உன் லீவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மணல் குழிக்குப் போனேன். அட்டையை நட்டு வைத்துச் சுட்டால் ஒன்று மேலே, ஒன்று பக்கத்தில், ஒன்று எங்கே போனது என்றே தெரியவில்லை. கை நடுங்கவில்லை. கண்தான் காரணம். குழலின்மேல் பின்னால் இருக்கிற, குறிபார்க்கும் கொம்பின் நடுப்பள்ளம் பஞ்சு போலத் தெரிகிறது. பள்ளத்தைப் பார்த்தால் குழல் நுனியில் இருக்கும் மணி மங்குகிறது. மணியைப் பார்த்தால் பள்ளம் கரைகிறது. இரண்டையும் பிடித்துவிட்டால் அட்டையைக் காணோம்.

திரும்பும் வழியில் ஆர்மாண்ட் கடையில் நிறுத்திக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, "நாப்பத்தஞ்சு தாண்டின கண்ணு மூணு தூரத்த ஒரே நேரத்துல பிடிக்காது ஐலி. உனக்கு மட்டும் வந்த வியாதின்னு நினைக்காத. என் கடைக்கு வர்றவன்ல பாதிப்பேருக்கு இதான்" என்றான். ஆணி டப்பாக்களை ஒதுக்கிவிட்டு, கொம்புக்குப் பதிலாக மாட்டும் இரண்டு இரும்புகளை எடுத்து வைத்தான். ஒன்று கொம்பு இல்லாத தட்டையானது, நடுவில் வெள்ளைக்கோடு போட்டது. குழலில் அதே இடத்தில் உட்காரும். இன்னொன்று வளையம். அது குழலில் உட்காராது, பின்னால் தள்ளி, கிட்டத்தட்டக் கண்ணுக்குப் பக்கத்தில் வரும். வளையத்தைப் பார்க்க வேண்டாமாம், அதன் வழியாகப் பார்த்தால் போதுமாம். கண் தானாகவே நடுவைத் தேடிக்கொள்ளுமாம்.

"எதுன்னாலும் முதல்ல ஓர்வோவ ஒரு வார்த்த கேட்டுக்கோ. துப்பாக்கி அவனோடது" என்றான்.

அதனால் கேட்கிறேன். கொம்பா, வெள்ளைக்கோடா, வளையமா? போன வருடம் பனி உருகும்வரை நாம் தின்றது நான் கொண்டுவந்த மான்தான். இந்த வருடமும் கொண்டுவர வேண்டும். சீக்கிரம் எழுது.

ஏலக்காய் ரொட்டி சுட்டேன். கடிதத்தில் வைத்து அனுப்ப முடியாது. வாசனையை நினைத்துக்கொள்.

உன்,
ஐலி


ஹென்றி கால்டர் கப்பல்
19 செப்டம்பர் 1968

என் ஐலிக்கு,

டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகு பக்கத்தில் வந்து, வாளியில் கயிறு கட்டி உன் கடிதத்தை மேலே ஏற்றியது. நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்தேன். ரொட்டி பற்றி எழுதினாயே, அது கொடுமை. இங்கே சமையல்காரன் ரொட்டி என்று தருவதை வைத்து நங்கூரம் போடலாம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நம் மலையைக் கடந்து போனோம். கூட வேலை செய்யும் டெல்மரின் தூரக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். அந்த மேட்டுக்குப் பின்னால்தான் நானும் ஆர்மாண்டும் கட்டிய வேட்டைக் குடில். மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன. பார்க்க மட்டும்தான் முடிந்தது. கப்பல் அதன் பாட்டுக்குப் போய்விட்டது.

துப்பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். கொம்புதான். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. சுரங்கத்தில் வாங்கிய முதல் சம்பளத்தில் வாங்கிய துப்பாக்கி அது. அன்றிலிருந்து கொம்புதான். வளையத்தில் பனி அடைத்துக்கொள்ளும், மழைத்துளி நின்றுகொள்ளும். நீ ஊதிக்கொண்டு நிற்கும்போது மான் அடுத்த ஊருக்குப் போய்விடும். சாயங்காலம் வெளிச்சம் குறைந்தால் துளைக்குள் இருட்டுதான் தெரியும். போதாக்குறைக்கு லீவர் துப்பாக்கிக்கு வளையம் மாட்டினால் நாய்க்கு மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி இருக்கும். வெள்ளைக்கோடு வேண்டுமானால் பார்க்கலாம். அதுவும் நான் வந்த பிறகு.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கண் மங்குகிறது என்பதை என்னிடம் சொல்வதற்கு முன்னால் அவனிடம் ஏன் சொன்னாய்? நீ எழுதி, அது ஆற்றுக்கு வந்து, வாளியில் ஏறி, எனக்குக் கிடைப்பதற்குள் ஆர்மாண்ட் உன் கண்ணுக்கு வைத்தியமே முடித்திருப்பான். கடையில் எவ்வளவு நேரம் இருந்தாய்? காபி கொடுத்தானா? அவன் மனைவி இருந்தவரை அந்தக் கடையில் யாருக்கும் காபி கிடைத்ததில்லை. அதனால் கேட்கிறேன்.

சும்மா கேட்டேன். நீ பதில் எழுத வேண்டாம். எழுதினாலும் சரி.

உன்,
ஓர்வோ


பைன் க்ரீக்
29 செப்டம்பர் 1968

அன்புள்ள ஓர்வோவுக்கு,

காபி கொடுத்தான். இரண்டு கோப்பை. சர்க்கரை போடவில்லை. போதுமா?

உன் கடிதம் வந்து சேர்வதற்குள் வளையம் ஏறிவிட்டது. சண்டைக்கு வராதே, முழுக்கப் படி. நான் பத்து நாள் காத்திருந்தேன். பிறகு மணல் குழிக்கு இன்னொரு தரம் போய்ச் சுட்டேன். அதே கதைதான். அடிபட்ட மானைக் காட்டுக்குள் விட்டுவிட்டு வருவதைவிட உன் கோபத்தைத் தாங்குவது மேல் என்று முடிவு செய்தேன். சுடப்போவது என் கண், ஓர்வோ. உன் கண் ஏரியில் இருக்கிறது.

ஆர்மாண்ட் கடையின் பின்கட்டில் மாட்டினான். கொம்பைப் பித்தளைக் கம்பியால் தட்டிக் கழற்றினான். அது உட்கார்ந்திருந்த காடி காலியாக இருந்தால் ஊசியிலையும் குப்பையும் சேரும் என்று ஒரு வெறும் இரும்புத் துண்டை வைத்து மூடினான். வளையம் கொம்பைவிட உயரத்தில் உட்காருவதால் பழைய மணியோடு சுட்டால் தோட்டா மேலே போகுமாம். அதனால் ஆர்மாண்ட் முன்னாலும் உயரமான மணி ஒன்று போட்டான். பழைய மணியும் கொம்பும் காபி டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றையும் அவன் வைத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் மணல் குழிக்குப் போனோம். அவன் தங்கை கிளாரிஸும் வருவதாக இருந்தாள், பல்வலி என்று நின்றுவிட்டாள். ஓர்வோ, மூன்று தோட்டாவும் ஒரு காபி டப்பா மூடி அளவுக்குள்! வளையமே கண்ணில் படவில்லை, மணி மட்டும் நடுவில் வந்து நிற்கிறது. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. நான் கத்திய கத்தலுக்கு மரத்தில் இருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டன. ஆர்மாண்ட் கைதட்டி, "இத ஓர்வோ பாக்கணுமே, மூஞ்சி போற போக்கப் பாக்கணும்" என்றான். அந்த அட்டையை உனக்காகச் சுருட்டி வைத்திருக்கிறேன்.

மழையில் ஊதவேண்டும் என்றாயே, உண்மைதான். ஊதிவிட்டுப் போகிறேன். சாயங்கால இருட்டுக்கும் வழி இருக்கிறது. உள்ளே இருக்கும் சின்ன வில்லையைத் திருகி எடுத்துவிட்டால் துளை பெரிதாகிவிடுகிறது. அதையும் ஆர்மாண்ட் காட்டிக்கொடுத்தான். நாய்க்கு மூக்குக்கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது.

கோபம் தணிந்ததும் எழுது.

உன்,
ஐலி


ஹென்றி கால்டர் கப்பல்
9 அக்டோபர் 1968

ஐலிக்கு,

முழுக்கப் படித்தேன். கையில் பென்சில் இருந்தது. ஆர்மாண்ட் என்று வந்த இடத்திலெல்லாம் அடியில் கோடு போட்டேன். முடித்துவிட்டுப் பார்த்தால் சுரங்க வரைபடம் மாதிரி இருக்கிறது. என் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்றும் பார்த்தேன். அதை எழுத எனக்கு மனசில்லை.

கொம்பு வேண்டும் என்று எழுதினேன். நீ வளையம் போட்டாய். தங்கைக்குப் பல்வலி வந்ததாம். யாருக்குக் காதில் பூச்சுற்றுகிறாய்? நீங்கள் இரண்டு பேரும் தனியாக மணல் குழிக்குப் போனீர்கள், நீ கத்தினாய், அவன் கைதட்டினான், காக்கை பறந்தது. எனக்கு இங்கே தூக்கம் பறந்துவிட்டது.

என் அறைக்கூட்டாளி டெல்மர், சுக்கான் பிடிப்பவன், அவனிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவன் மனைவி போன வருடம் ஒரு பால்காரனோடு போய்விட்டாள். டெல்மர் என்ன சொன்னான் தெரியுமா? "என் வீட்லயும் இப்படித்தான்டா ஆரம்பிச்சுது. மொதல்ல கதவுத் தாழ்ப்பாள சரி பண்ணிக் குடுத்தான். அப்புறம் கொழாய. அப்புறம் நான் போய்ப் பாத்தா என் செருப்பு வெளிய கெடக்கு." கப்பல் முழுக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 

நான் இருந்த இடத்தில் ஒரு வெறும் இரும்பை வைத்து மூடிவிட்டானாம். நல்ல வேலைக்காரன். குடிலில் என் ஆணியையும் மூடிவிட்டானா? அடுப்புக்குப் பக்கத்தில் என் சிவப்புக் கட்டம் போட்ட சட்டை தொங்குமே, அந்த ஆணி. இப்போது அதில் யார் சட்டை தொங்குகிறது? உனக்குத்தான் தெரியும். நீதான் அங்கே போய்வருகிறாய். என் நண்பன், என் குடில், என் துப்பாக்கி, என் பெண்டாட்டி, எல்லாம் அங்கே ஒன்றாக இருக்கின்றன. நான் மட்டும் இரும்புத்தாதுச் சுமையோடு ஏரியில் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கிறேன். பொறாமை என்று சொல்வாய். ஆமாம், பொறாமைதான். வேறு என்ன பெயர் வைப்பது?

நேராகச் சொல்லிவிடுகிறேன். வளையத்தைக் கழற்று. கொம்பை மாட்டு. அவன் கை படாமல் நீயே மாட்டு. உனக்கு நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இனிமேல் மணல் குழிப் பக்கம் போகாதே. இது முடியாது என்றால் டிசம்பரில் கப்பலைக் குளிர்காலத்துக்காக டூலூத் துறைமுகத்தில் கட்டிப்போடும்போது நான் அங்கேயே என் தங்கை லெம்பி வீட்டில் இருந்துகொள்கிறேன். வளையம் இருக்கும் வீட்டுக்கு நான் வரமாட்டேன்.

ஓர்வோ


பைன் க்ரீக்
20 அக்டோபர் 1968

ஓர்வோவுக்கு,

கழற்றிவிட்டேன். சமையலறை மேசையில் பழைய துண்டை விரித்து, நானே கழற்றினேன். காடியில் இருந்த இரும்புத் துண்டை இடமிருந்து வலமாகத் தட்டி எடுத்தேன். கொம்பை வலமிருந்து இடமாகத் தட்டி உட்கார வைத்தேன், நீ கற்றுக்கொடுத்தபடி. பித்தளைக் கம்பி கிடைக்கவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. ஒரு காலித் தோட்டாவை வைத்துத் தட்டினேன். கட்டைவிரலில் ஒரு அடி விழுந்தது. நகம் கறுத்திருக்கிறது.

வளையம் மேசை இழுப்பறையில் கரண்டிகளோடு கிடக்கிறது.

மணல் குழிக்குப் போகவில்லை. யாரோடும் போகவில்லை, தனியாகவும் போகவில்லை. நீ சொன்னபடிதான்.

எனக்கு நீ வீட்டுக்கு வர வேண்டும். அதற்காகத்தான் செய்தேன். நீ சொன்னது சரி என்று நினைத்துச் செய்ததாக எடுத்துக்கொள்ளாதே.

ஐலி


ஹென்றி கால்டர் கப்பல்
31 அக்டோபர் 1968

என் அன்பு ஐலிக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் அந்தக் கெட்ட ரொட்டியைக்கூட மூன்று துண்டு தின்றேன். டெல்மரிடம் காட்டினேன். "அதிர்ஷ்டக்காரன்டா நீ" என்று சொல்லிவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான். வெந்நீரில் உப்புப் போட்டு விரலை முக்கு. டொலீடோவில் இறங்கினபோது உனக்கு ஒரு கம்பளிக் கழுத்துத் துணி வாங்கினேன், நீல நிறம். தனியாகத் தபாலில் வரும்.

டிசம்பர் நடுவில் கப்பலைக் கட்டிப்போட்டதும் நேராக வீட்டுக்கு வருகிறேன். லெம்பி வீட்டுக்குப் போகவில்லை.

மான் விஷயத்தில் நான் சொல்வதை மட்டும் கேள். மணி பள்ளத்தின் அடியில் அடங்கி உட்கார வேண்டும், எட்டிப் பார்க்கக் கூடாது. தோள்பட்டைக்குப் பின்னால் பிடி. மூச்சைப் பாதி விட்டு நிறுத்து. அவசரப்படாதே. கட்டாயம் விழும். அந்தக் கொம்பு எனக்குத் தெரியும்.

அவனிடம் சொன்னாயா? வளையம் போய்விட்டது என்று தெரிந்ததும் என்ன சொன்னான்? முகம் எப்படி இருந்தது? சொல்லவில்லை என்றால் பதினைந்தாம் தேதி அவனே பார்த்துக்கொள்ளட்டும். அப்போது பார்த்து எழுது.

இன்னொன்று. குடில் வழக்கம் உனக்குத் தெரியும். மானைத் தப்பவிட்டவனின் சட்டைக்குப் பின்னால் தொங்கும் வாலைக் கத்தரித்துச் சுவரில் ஆணி அடிப்பார்கள். இத்தனை வருடத்தில் என் வால் அந்தச் சுவரில் ஏறியதே இல்லை. நீ தப்பவிட்டால் ஆர்மாண்ட் கத்தரிக்கோலோடு உன் பின்னால் வந்து நிற்பான், உன் சட்டையைப் பிடிப்பான். அதை நினைத்தால் எனக்கு மண்டைக்குள் ஏதோ குடைகிறது. அதனால் தப்பவிடாதே. எனக்காக.

உன்,
ஓர்வோ


பைன் க்ரீக்
24 நவம்பர் 1968

ஓர்வோவுக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வருகிறது. முதலில் கடிதத்தைப் படி.

பதினைந்தாம் தேதி விடியும்போது நானும் கிளாரிஸும் குடிலுக்குப் போய்விட்டோம். லேசாகப் பனி விழுந்திருந்தது. நான் எப்போதும் உட்காரும் ஹெம்லாக் மரத்தடியில் உட்கார்ந்தேன். எட்டு மணி இருக்கும், ஓடையைத் தாண்டி அவன் வந்தான். நல்ல கலைமான், கொம்பு விரிந்து, கழுத்து பருத்து, அவசரமே இல்லாமல். நீ எழுதியதெல்லாம் செய்தேன். மணியைப் பள்ளத்தின் அடியில் அடக்கினேன். பஞ்சு போலத்தான் தெரிந்தது, ஆனாலும் அடக்கினேன். தோள்பட்டைக்குப் பின்னால் பிடித்தேன். மூச்சைப் பாதி விட்டேன்.

அவன் வயிற்றுக்குக் கீழே பனி தெறித்தது. அடுத்த தோட்டாவுக்கு லீவரை இறக்கி ஏற்றி மறுபடி சுட்டேன். மறுபடி அதே இடம், வயிற்றுக்குக் கீழே. அப்புறம் மான் இல்லை.

சத்தம் கேட்டு ஆர்மாண்ட் வந்தான். கால்தடத்தை ஓடைவரை பார்த்தான். ரத்தம் இல்லை, முடி இல்லை. "சுத்தமா தப்பிச்சுட்டான். நல்ல வேளை" என்றான். குடிலுக்குப் போனதும் எல்லாரும் கத்தரிக்கோலைத் தேடி ஒரே கூத்து. கிளாரிஸ் மேசைமேல் தாளம் போட்டாள். ஆர்மாண்ட் என் துப்பாக்கியைக் காலி செய்வதற்காகக் கையில் எடுத்தான். எடுத்தவன் குழலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஐலி, வளையம் எங்க?"

"கழட்டிட்டேன்."

"அது உன் இஷ்டம். ஆனா கொம்பப் போட்டவ முன்னால அந்த உசரமான மணிய ஏன் விட்ட? இது கீழதானே போகும்! சுட்டுப் பாக்கலியா?"

எனக்குத் தலையில் தண்ணீர் ஊற்றினது போல இருந்தது. பழைய மணி காபி டப்பாவிலேயே கிடந்தது, ஓர்வோ. கொம்பை மாட்டினால் மணியையும் மாற்ற வேண்டும் என்பது எனக்கு அன்றைக்கு நினைவே வரவில்லை. அழுதுகொண்டே தட்டியவளுக்கு எப்படி நினைவு வரும்? மணல் குழியில் ஒரே ஒரு தோட்டா சுட்டிருந்தால் தெரிந்திருக்கும். மணல் குழிக்குப் போகாதே என்றாய். போகவில்லை.

"யாரு பண்ணின வேல இது?" என்று கேட்டான்.

"ஓர்வோ சொன்னான்" என்றேன்.

அவன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தான். யாரோ நீட்டிய கத்தரிக்கோலை வாங்கி மேசையில் வைத்தான். நீ ஏன் சொன்னாய் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது. விறகு கொண்டுவருகிறேன் என்று வெளியே போனான். அடுப்புக்குப் பக்கத்தில் விறகு கூரைவரை இருந்தது.

உன் ஆணியில் யார் சட்டை தொங்குகிறது என்று கேட்டாயே, உன் சட்டைதான் தொங்குகிறது. மூன்று வருடமாக அந்த ஆணியில் யாரையும் அவன் ஒரு தொப்பிகூட மாட்டவிடவில்லை. புதிதாக வந்த ஒருவன் தெரியாமல் மாட்டினான். "எடுறா, அது ஓர்வோவோடது. அவன் வருவான்" என்று கத்தினான், நானே கேட்டேன்.

நான் போய் அந்தச் சிவப்புக் கட்டம் போட்ட சட்டையை எடுத்தேன். கத்தரிக்கோலை எடுத்தேன். உன் சட்டை வாலை நானே வெட்டினேன். தப்பவிட்டது நீ. என் சட்டையை ஏன் வெட்ட வேண்டும்?

அதோடு போகட்டும் என்றுதான் இருந்தேன். கிளாரிஸ் வீட்டுக்கு வரும் வழியில் இன்னொன்று சொன்னாள். நீ கப்பலேறுவதற்கு முந்தின சீசனில் ஒரு மானைச் சுட்டு, குறி தவறியதும் தோட்டா மட்டம் என்று கத்தினாயே, நினைவிருக்கிறதா? நீ பள்ளத்தைத் தேடித் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததை ஆர்மாண்ட் பார்த்திருக்கிறான். கிளையில் பட்டுத் தோட்டா திரும்பிவிட்டது என்று அவன்தான் எல்லாரிடமும் சொல்லி உன் வாலைக் காப்பாற்றினான். எனக்கும் இது புதிதில்லை. போன குளிர்காலத்தில் நீ செய்தித்தாளைக் கையை முழுக்க நீட்டிப் படித்தாய். நான் பார்த்தும் பார்க்காதவள் போல இருந்தேன். வளையம் நம் இரண்டு பேருக்கும்தான் என்று நினைத்துக்கொண்டேன். சொன்னால் கோபப்படுவாய் என்று எழுதவில்லை.

இப்போது கேட்டுக்கொள். ஆர்மாண்டுக்கு என்மேல் ஏதாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவனுக்காக நான் சத்தியம் செய்யப் போவதில்லை. எனக்கு அவன்மேல் ஒன்றும் இல்லை. நீ கடையில் எவ்வளவு நேரம் இருந்தாய் என்று கேட்டாய், காபி கொடுத்தானா என்று கேட்டாய், ஆணியைப் பற்றிக் கேட்டாய், அவன் முகம் எப்படி இருந்தது என்றுகூடக் கேட்டாய். என் மனசில் என்ன என்று மட்டும் ஒரு தரம்கூட நீ என்னிடம் கேட்கவில்லை.

ஒரு தரம் உன் சொல்லைக் கேட்டு என் கண்ணுக்குத் தெரிந்ததை விட்டேன். அது போதும். அன்றைக்கே கொம்பைக் கழற்றி, வளையத்தை மறுபடி திருகி மாட்டிவிட்டேன். மணல் குழிக்குத் தனியாகப் போய்ச் சுட்டுப் பார்த்தேன். நேற்று ஹெம்லாக் மரத்தடியில் இளம் கலைமான் ஒன்று விழுந்தது, ஒரே தோட்டா. பெரியவன் இல்லை, ஆனால் குளிர்காலத்துக்குப் போதும். கொட்டகையில் தொங்குகிறது. ஒரு பின்தொடையை ஆர்மாண்டுக்குக் கொடுத்தேன். அந்தப் பெயருக்கும் கோடு போட்டுக்கொள்.

பொட்டலத்தில் உன் கொம்பு இருக்கிறது. உன் சட்டை வாலும் இருக்கிறது. இரண்டும் உன்னுடையவை. வீட்டில் வளையம் இருக்கிறது, இருக்கும். வருவதானால் வாலைக் கையில் கொண்டுவா, சட்டையோடு சேர்த்துத் தைத்துத் தருகிறேன். வாலில்லாமல் வருவதானால் லெம்பி வீட்டுக்கே போய்விடு. அவள் நல்ல சமையல்காரி.

கழுத்துத் துணி வந்தது. நீலம் நன்றாக இருக்கிறது. இன்னும் கட்டிக்கொள்ளவில்லை.

ஐலி


ஹென்றி கால்டர் கப்பல்
4 டிசம்பர் 1968

என் ஐலிக்கு,

பொட்டலத்தை அறையில் பிரித்தேன். டெல்மர் எட்டிப் பார்த்து, "என்னடா இது, கிழிஞ்ச துணி?" என்றான். என் சட்டை வால் என்றேன். மானைத் தப்பவிட்டேன் என்றேன். "கப்பல்ல இருந்துகிட்டா?" என்றான். ஆமாம், கப்பலில் இருந்துகொண்டேதான் என்றேன். அவனுக்குப் புரியவில்லை.  வாலைப் படுக்கைக்கு மேலே ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். கப்பலைக் கட்டிப்போட்டதும் கழற்றிக் கொண்டுவருவேன்.

செப்டம்பர் கடைசியில் நீ எழுதிய கடிதத்தை மறுபடி எடுத்தேன். இந்த முறை டெல்மரின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். நான் கோடு போட்ட இடத்தில் ஆர்மாண்ட் என்று இருக்கிறது. அந்த வரியிலேயே, கோட்டுக்குப் பக்கத்திலேயே, உயரமான மணி என்றும் இருக்கிறது. நீ தெளிவாக எழுதியிருக்கிறாய். பழைய மணி டப்பாவில் என்றும் எழுதியிருக்கிறாய். கொம்பை மாட்டச் சொன்னவன் மணியை மாற்றச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது தூக்கத்தில்கூடத் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் படித்தது அவன் பெயரை மட்டும்தான் ஐலி.

நேற்று மத்தியானம் நம் மலையைத் தாண்டினோம். பனி மூடி வெள்ளையாக இருந்தது. தூரக்கண்ணாடி கேட்கவில்லை. கொம்பை எடுத்துப் போய்ப் பின்தளத்திலிருந்து ஏரியில் போட்டேன். பெரிய சத்தமெல்லாம் வரவில்லை. கப்பல் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

உன் மனசில் என்ன என்று மட்டும் நான் கேட்கவில்லை என்றாயே. உண்மைதான். எத்தனையோ தரம் எழுத உட்கார்ந்தேன். நீ பதில் எழுதிவிடுவாயோ என்று பயம். நீ பொய் எழுத மாட்டாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் பயம். இப்போது நான் கேட்காமலே நீ எழுதிவிட்டாய். அந்த ஒரு வரியைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

பதினாறாம் தேதி டூலூத்தில் கப்பலைக் கட்டிப்போடுகிறோம். பதினேழாம் தேதி சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். அந்த நீலத்துணியைக் கட்டிக்கொண்டு நீ வந்து நின்றால் எனக்குப் போதும். கட்டாமல் வந்தாலும் சரி, வந்தால் போதும். மறுநாள் காலையில் நான் ஆர்மாண்ட் கடைக்குப் போக வேண்டும். அவனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது. அந்த ஆணிக்காகவும், அந்தக் கிளைக்காகவும். நான் மட்டும் தனியாகப் போகிறேன். நீ கூட வர வேண்டாம். அவன் உனக்குக் காபி ஊற்றுவதைப் பார்க்கிற அளவுக்கு நான் இன்னும் நல்லவனாகவில்லை.

வந்ததும் மணல் குழிக்குப் போவோம். வளையத்தை எப்படிப் பார்ப்பது என்று நீதான் சொல்லித்தர வேண்டும்.

உன்,
ஓர்வோ

பின்குறிப்பு: எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேட்காதே. டெல்மர் கண்ணாடியைத் திருப்பி வாங்கிக்கொண்டான்.